துபாய்த் தொட்டி

முஸ்தபா பாய் நல்லவர் என்று யார் சொன்னாலும் எனக்கு எரிச்சல் வந்தது. போன தை வரைக்கும் இரண்டு வருஷமாக டீக்கடையிலும் ஜங்ஷனிலும் இதே பேச்சு. அவர் நல்லவர் இல்லை என்று நான் சொல்லவில்லை. அவர் ஏன் அப்படி ஆனார் என்பது அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரிந்திருந்தது, அந்த எரிச்சல்தான்.

நான் நடராசன், குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறேன். விருத்தாசலத்து செராமிக் கம்பெனிகளில் ஃபியூஸ் கட்டையும் பொம்மையும் அகல் விளக்கும் வைக்கோல் வைத்துப் பெட்டியில் கட்டித் தருவார்கள். அதை ரயில் ஜங்ஷனுக்கும் லாரி ஆபீசுக்கும் கொண்டுபோய்ப் போடுவது என் பிழைப்பு. உடையாமல் கொண்டுபோனால் யாரும் நன்றி சொல்ல மாட்டார்கள். ஒன்று உடைந்தால் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துவார்கள்.

பாய் பதினெட்டு வருஷம் துபாயில் இருந்தவர். கடற்கரை ஓட்டல் ஒன்றில் வெள்ளைக்காரர்கள் ஏறித் துடுப்புப் போடும் கயாக் படகுகளைத் தண்ணீரில் இறக்கி, ஏற்றி, கழுவி வைக்கிற வேலை. ஊர் திரும்புகிறவர்கள் டிவியும் கம்பளியும் கார்கோவில் போடுவார்கள். இவர் ஓட்டலில் கழித்துப்போட்ட கயாக் ஒன்றைப் போட்டுவிட்டார். மஞ்சள் நிறம், பத்தடி நீளம், ஒரே ஆள் உட்காரலாம். லாரி ஆபீசிலிருந்து அதை ஏற்றிக்கொண்டு அவர் தெருவுக்குள் நுழைந்தபோது பிள்ளைகளெல்லாம் வண்டிக்குப் பின்னால் ஓடி வந்தார்கள். அவர் மனைவி ரசியா பேகம் வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டார்.

"எல்லா ஆம்பளைங்களும் நகைநட்டு கொண்டாறாங்க. இவரு தொட்டிய கொண்டாந்திருக்காரு. இதுல மாட்டுக்குத் தண்ணி வெக்கலாமா, நடராசண்ணே?"

அன்று முதல் அதற்குத் துபாய்த் தொட்டி என்று பேர் விழுந்துவிட்டது.

மேற்கே ஒரு மணி நேரம் போனால் நீர்த்தேக்கம் ஒன்று இருக்கிறது. டேம் என்றுதான் சொல்லுவோம். வலைக்காரர்கள் பரிசலில் போய் நடு ஏரியில் வலை போடுவார்கள். ஓரத்துப் பக்கம் அல்லியும் ஆகாயத்தாமரையும் மண்டிக் கிடக்கும். நடுநடுவே தண்ணீரில் முங்கின கருவேல மரங்கள். அங்கே வலையும் போட முடியாது, பரிசலும் போகாது. விரால் மீன் அங்கேதான் இருக்கும். பாயின் கயாக் அந்த இலைகளின் மேல் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். வயிற்றடியில் முள் வைத்த ரப்பர் தவளையைத் தூண்டிலில் கட்டி, இலைமேல் தத்தித் தத்தி வருகிற மாதிரி இழுப்பார். பொளக்கென்று ஒரு சத்தம் கேட்கும், விரால் மாட்டியிருக்கும்.

வாரத்தில் மூன்று நாள் விடியற்காலையில் அவரையும் தொட்டியையும் நான்தான் கொண்டுபோய் விடுவேன். முழங்கால் தண்ணீரில்கூட ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையைக் கழற்ற மாட்டார். வலைக்காரர்கள் சிரிப்பார்கள்.

"இன்னா பாய், கடலுக்கா போறீங்க?" என்று நானும் கேட்டிருக்கிறேன்.

"பழகிப்போச்சு நடராசு. இது இல்லாம எறங்குனா துணி இல்லாம நிக்கிற மாதிரி இருக்குது."

ஏரிக் குத்தகைக்காரருக்கு ஒரு பங்கு மீனைக் கொடுத்துவிட்டு, மீதியைக் கரையோரம் ஒரு வலைக்கூண்டில் உயிரோடு போட்டு வைப்பார். ஆபரேஷன் செய்தவர்கள், பிள்ளை பெற்றவர்கள் வீட்டிலிருந்து விரால் கேட்டு வருவார்கள். பிழைப்பு சுமாராக ஓடியது. ஆனால் ஊர் அவரைப் பார்த்துச் சிரிப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் ஐப்பசியில், கம்மாபுரத்தில் ஒரு வீட்டுக் காதுகுத்துக்கு அறுபது விரால் உயிரோடு வேண்டும் என்று கேட்டார்கள். அந்த வீடும் நிலமும் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போகப்போகிறது, அங்கே நடக்கிற கடைசி விசேஷம் என்பதால் தடபுடலாகச் செய்தார்கள். பாய் பத்து நாள் ராப்பகலாக அதே நினைப்பில் இருந்தார். "அன்னைக்கு மட்டும் நல்லபடியா முடிஞ்சிதுன்னா, ஒருத்தனும் தொட்டின்னு சொல்ல மாட்டான்" என்றார். அவருக்குப் பணத்தைவிட அதுதான் பெரிசாக இருந்தது.

விசேஷம் ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை காலையில், கூண்டில் ஐம்பத்தாறு மீன் சேர்ந்திருந்தது. நான் வண்டியில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தேன். போன அரை மணி நேரத்திலேயே பாய் திரும்பி வந்தார். கயாக்கைக் கட்டாமல் அப்படியே விட்டுவிட்டு வண்டிக்கு ஓடி வந்தார்.

"நடராசு, கருவக்காட்டுக்குள்ள ஒரு பையன் கெடக்குறான்."

"உசுரோடயா?"

"இல்ல. முள்ளுல சிக்கிக் கவுந்து கெடந்தான். துடுப்பால திருப்பிப் பாத்தேன். சின்னப் பையன். மூஞ்சி தூங்குற மாதிரி இருக்குது." சொல்லிக்கொண்டே சட்டைக்குள்ளிருந்து போனை எடுத்தார்.

அந்தக் கையைப் பிடித்தது நான்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஏரியில் ஆள் விழுந்து செத்தால் ஒரு மாசத்துக்கு அந்த ஏரி மீனை யாரும் வாங்க மாட்டார்கள். பொணம் தின்ன மீன் என்பார்கள். கூண்டில் இருப்பது முன்னாடியே பிடித்தது என்று சத்தியம் செய்தாலும் கேட்க மாட்டார்கள். காதுகுத்துக்காரர்கள் கறிக்கடைக்குப் போயிருப்பார்கள்.

"பாய், போலீசு வந்தா இன்னைக்கே ஊரு பூரா தெரிஞ்சிடும். பத்து நாள் பாடு. ஞாயித்துக்கெழம மத்தியானம் சொல்லிக்கலாம். செத்தவன் எங்க போயிடப் போறான்?"

இதைச் சொன்னது நான்தான். எனக்கு அந்த மீனில் வண்டி வாடகையைத் தவிர ஒரு லாபமும் இல்லை. ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. பெட்டி உடையாமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்கிற புத்திதான், வேறென்ன. பாய் கூண்டைப் பார்த்தார், கருவக்காட்டைப் பார்த்தார், போனைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். அன்றைக்கு அவர் ஜும்ஆ தொழுகைக்குப் போகவில்லை.

சனிக்கிழமை இன்னொரு மூலையில் மீதி நாலு மீனையும் பிடித்தார். ஞாயிற்றுக்கிழமை கம்மாபுரத்தில் விரால் குழம்பைச் சாப்பிட்டவர்கள் அவர் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். வீட்டுக்காரர் தாம்பாளத்தில் வேட்டி வைத்துக் கொடுத்தார். பாய் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. அங்கிருந்து நேராக டேமுக்குப் போனோம்.

சனி ராத்திரி பேய்மழை பெய்து மதகைத் திறந்துவிட்டிருந்தார்கள். கருவக்காட்டில் பையன் இல்லை. பாய் பொழுது சாயும்வரை ஒவ்வொரு மரமாகத் துடுப்பால் தட்டிக்கொண்டு சுற்றினார். நான் கரையில் நின்று, அப்படி ஒன்றை அவர் பார்க்கவே இல்லை என்று என்னையே நம்ப வைக்கப் பார்த்தேன்.

புதன்கிழமை ஆடு மேய்க்கிறவர்கள் மதகுக் கம்பியில் சிக்கியிருந்த உடம்பைப் பார்த்தார்கள். ஆறு நாள் தண்ணீரில் கிடந்ததில் மீனும் ஆமையும் தின்று முகம் என்று ஒன்றும் மிச்சமில்லை. மேலே நீலச் சட்டை இருந்தது, செராமிக் கம்பெனி ஒன்றில் வேலையாட்களுக்குத் தீபாவளிக்குக் கொடுத்தது. கம்பெனியில் விசாரித்ததில், சூளையில் சரக்கு அடுக்குகிற பாரி என்ற இருபத்திரண்டு வயசுப் பையன் வியாழக்கிழமையிலிருந்து வரவில்லை என்று தெரிந்தது. தனியாகக் குளிக்கப் போய்க் கால் வழுக்கியிருக்கும் என்று போலீஸ் எழுதியது.

அவன் அம்மா வளர்மதி. அதே கம்பெனியில் ஃபியூஸ் கட்டைக்குப் பிசிறு தேய்க்கிறவர். புருஷன் இல்லை, ஒரே பிள்ளை. வியாழக்கிழமை காலையில் அம்மாவுக்கும் பிள்ளைக்கும் சண்டை. திருப்பூருக்கு வேலைக்குப் போகிறேன் என்று அவன் கிளம்பியிருக்கிறான், இவர் திட்டியிருக்கிறார். கோபத்தில் திருப்பூர்தான் போயிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்து அந்த உடம்பைக் காட்டினார்கள்.

"இது எம் புள்ள இல்ல. இந்தச் சட்டைய நூறு பேரு போட்டிருக்கான். மூஞ்சி எங்க? மூஞ்சியக் காட்டுங்க."

கையில் பாரியின் பள்ளிக்கூடத்துப் போட்டோவை வைத்துக்கொண்டு எல்லோரிடமும் காட்டினார். நானும் பாயும் கூட்டத்தோடு நின்றிருந்தோம். எங்களிடமும் காட்டினார். பாய் பார்த்துவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பையன்தான்.

வளர்மதியம்மாவின் ரத்தத்தை எடுத்து டி.என்.ஏ. சோதனைக்கு அனுப்பினார்கள். அவன்தான் என்று காகிதம் வந்தது. "காயிதம் சொன்னா புள்ளையாயிடுமா?" என்றார் வளர்மதியம்மா. சொந்தக்காரர்கள் கையெழுத்துப் போட்டு வாங்கிப் புதைத்தார்கள். அவர் மண்கூடப் போடவில்லை. காரியம் செய்யச் சொன்னவர்களை, "உசுரோட இருக்குற புள்ளைக்கா?" என்று விரட்டினார். அதற்குப் பிறகு தினம் வேலை முடிந்ததும் ஜங்ஷனுக்கு வந்து மேற்கே திருப்பூர்ப் பக்கத்திலிருந்து வருகிற ரயிலுக்காகக் காத்திருப்பார். இறங்குகிற ஒவ்வொரு பையனின் முகத்தையும் குனிந்து பார்ப்பார். நான் பார்சல் போடப் போகும்போதெல்லாம் அவரைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

பாய் அன்றோடு தூண்டிலைத் தொடவில்லை. வெங்காய மண்டியில் கணக்கெழுதப் போனார். கயாக்கை மட்டும் விற்கவில்லை. யாராவது ஏரியில், குட்டையில், கல்குவாரியில் விழுந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டால் என்னைக் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டு ஓடுவார். புதருக்குள்ளும் முள்ளுக்குள்ளும் புகுந்து, முகம் கெடுவதற்குள் எடுத்து வந்து கரையில் கிடத்துவார். இரண்டு வருஷத்தில் ஏழு பேர். கொடுத்த காசை வாங்க மாட்டார், டீகூடக் குடிக்க மாட்டார். தொட்டி என்று சிரித்த ஊர் அவர் வந்தால் எழுந்து நிற்க ஆரம்பித்தது. ஒருவர் மாலை போட வந்தபோது பாய் அவரைத் தள்ளிவிட்டு வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். தன்னடக்கம் என்று அதையும் புகழ்ந்தார்கள்.

"அந்தம்மாகிட்ட சொல்லணும் நடராசு. மூஞ்சியப் பாத்தவன் நான் ஒருத்தன்தான். நான் சொன்னாத்தான் அது ரயிலடிக்கு வர்றது நிக்கும்."

"சொல்லிட்டு ஜெயிலுக்குப் போறதா? ரெண்டு வருசம் ஆயிடுச்சி, வுடுங்க பாய்."

எத்தனை தடவை இப்படித் தடுத்தேன் என்று எனக்கே தெரியாது. ஜெயிலைவிட, ஊர் என்னைப் பற்றி என்ன பேசும் என்பதுதான் எனக்குப் பயம்.

போன தை மாதம் ஒரு சாயங்காலம். பார்சல் ஆபீஸ் பக்கம் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தேன். பிளாட்பாரத்தில் வளர்மதியம்மா வழக்கமான இடத்தில் நின்றிருந்தார். பாய் அவரிடம் போவதைப் பார்த்துப் பெட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

"தங்கச்சி, உன் புள்ள வர மாட்டான். செத்துப்போனது அவன்தான். ஆளுங்க எடுக்குறதுக்கு அஞ்சு நாளு முன்னாலயே நான் பாத்தேன்."

"நீங்க போட்டோவப் பாத்துட்டு சொல்றீங்க பாய்."

"எடது புருவத்துல பாதி முடி இல்ல. தீ பட்டுக் கருகுன மாதிரி இருந்திச்சி."

வளர்மதியம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தார். பாரி போவதற்குப் பத்து நாள் முன்புதான் சூளைத் தீயில் புருவம் பொசுங்கியிருக்கிறது. அது எந்தப் போட்டோவிலும் இல்லை. எண்ணெய் போட்டுவிட்ட அம்மாவுக்குத் தெரியும்.

வண்டி வந்து நின்றது. ஆட்கள் இறங்கிப் போனார்கள். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"மூஞ்சி நல்லா இருந்திச்சா பாய்?"

"தூங்குற மாதிரி இருந்திச்சி."

"ஊரு புள்ளைங்கள எல்லாம் தூக்கியாந்து தாயிங்ககிட்ட குடுத்தியே. எம் புள்ளைய மட்டும் ஏன் வுட்டுட்டு வந்த?"

"மீனு விக்கணும்னு, தங்கச்சி" என்றார் பாய்.

என் பேரை எடுக்கவில்லை. நான் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தேன். வாயைத் திறந்தால் போதும். திறக்கவில்லை.

மறுநாள் பாய் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தார். இரண்டு நாள் அலைய விட்டு அனுப்பிவிட்டார்கள். ஊர்தான் விடவில்லை. மண்டியில் வேலை போயிற்று. எழுந்து நின்றவர்கள் இப்போது அவரைப் பார்த்தால் துப்புகிறார்கள். போன மாசம் ஸ்ரீமுஷ்ணம் பக்கத்தில் ஒரு குட்டையில் பள்ளிக்கூடப் பையன் விழுந்தபோதுகூட அவரைக் கூப்பிடவில்லை. மூன்று நாள் கழித்துத்தான் எடுத்தார்களாம். கயாக் அவர் வீட்டு வாசலில் கவிழ்ந்து கிடக்கிறது.

பாய் உண்மையைச் சொன்ன அன்று சாயங்காலம் ஜங்ஷனிலிருந்து வளர்மதியம்மாவை என் வண்டியில்தான் வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டேன். இறங்கும்போது சொன்னார்.

"அண்ணே, பாரிக்குக் காரியம் பண்ணணும். முன்ன நிக்க ஆம்பள இல்ல. தெனமும் ஜங்ஷன்ல என்னப் பாத்துட்டு மனசு தாங்காம திரும்பிக்குவீங்களே, எனக்குத் தெரியும். நீங்கதான் நின்னு செய்யணும்."

சரி என்றேன். மணிமுத்தாற்றங்கரையில் மொட்டை போட்டுக்கொண்டு, தகப்பன் ஸ்தானத்தில் உட்கார்ந்து, பாரிக்குப் பிண்டம் வைத்தேன். வளர்மதியம்மா எனக்கு இலை போட்டுப் பரிமாறினார். நான் சாப்பிட்டேன்.

பாய் சொல்லிவிட்டார். நான் சொல்லவில்லை. நேரில் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது, அதனால் இதை எழுதினேன். வளர்மதியம்மாவுக்குப் படிக்கத் தெரியும்.