ஆடு தேடிப் போன மூன்று மலைகள்

ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டதற்கு அடுத்த வருஷம், எங்கள் பக்கத்திலிருந்து பர்மாவுக்குப் பிழைக்கப் போனவர்கள் ஒருவர் இருவராகத் திரும்பி வந்தார்கள். அநேகம் பேர் காட்டு வழியில் நடந்தே வந்தவர்கள். என் அண்ணனும் அப்படி வந்தவன்தான். அண்ணியோடு போனவன் தனியாக வந்தான்.

ரயிலில் காய்ச்சல் மயக்கத்தில் திண்டிவனத்தைத் தாண்டிவிட்டான். விழுப்புரத்தில் யாரோ உலுக்கி எழுப்பி இறக்கிவிட்டிருக்கிறார்கள். அங்கிருந்து தண்டவாளத்தை ஒட்டியே திரும்பி நடந்து, கிளியனூர் பக்கம் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து வாசலில் உட்கார்ந்தான். பிச்சைக்காரன் என்று நினைத்து அம்மா உள்ளே கூழ் எடுக்கப் போனாள். நான்தான் காதைப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டேன். சின்ன வயசில் மாடு முட்டி மடல் கிழிந்த காது அது.

அப்போது எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் இருக்கும். என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் சேர்ந்து எந்த நாட்டில் இருக்கிறார் என்றே தெரியாத காலம். அதனால் அம்மா வீட்டில் இருந்தேன்.

அண்ணிக்குப் பிறந்த ஊர் செஞ்சிக் கோட்டை மலைகளின் அடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். எங்களைப் போலவே வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பம். நிலம் கிடையாது. ஆடு வளர்த்துப் பிழைத்தார்கள். அண்ணிக்கு முன்னும் பின்னும் பிறந்தவை எல்லாம் தங்காமல் போக, அவள் ஒருத்திதான் மிஞ்சினாள். அவளைப் பெற்றவர்களுக்குச் செய்தி சொல்ல வேண்டும். அண்ணன் எழுந்து நடமாட ஆரம்பித்ததும், "நீ கூட வா. நான் தனியா போவ மாட்டேன்" என்றான். போனோம்.

பெட்ரோல் கிடைக்காத நாள். கரி போட்டு ஓட்டுகிற பஸ்ஸில் திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்குப் போய்ச் சேரவே பொழுது சாய்ந்துவிட்டது. அவர்கள் வீட்டு வாசலில் கால் வைத்ததும் அண்ணியைப் பெற்ற அத்தை கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். எங்களைப் பார்த்துவிட்டு எங்களுக்குப் பின்னால் பார்த்தாள்.

"அவ எங்க? மெதுவா வந்துக்கினு கீறாளா?"

நான் அவள் கையைப் பிடித்தேன். "அண்ணி இல்ல அத்தை. வர்ற வழியில தவறிட்டாங்க."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. அண்ணியின் அப்பா, மாமா, அப்போது மலைமேல் ஆட்டோடு இருந்தார். யாரோ ஓடிப்போய்ச் சொல்லி, ஆடுகளை அப்படியே விட்டுவிட்டு இறங்கி வந்தார். அன்று ராத்திரி இடியும் மழையுமாக அடித்தது. ஆடுகளைப் பற்றி யாருக்கும் நினைப்பில்லை. அத்தை அழுகைக்கு நடுவே அண்ணனிடம் ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தாள். "சாவுற நேரத்துல சாமியார் வந்து அவஸ்தை எண்ணெய் பூசுனாரா? கண்ண மூடுனது யாரு? எந்தக் கல்லறையில வச்சீங்க?" அண்ணன் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். மாமா அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

விடிந்ததும் மாமா கோலை எடுத்தார். "மாப்ளே, ஆடு மூணு மலையிலயும் செதறிக் கெடக்கும். பாதி ஊரான் ஆடு. எழுந்து வாங்க" என்றார். அண்ணனுக்கு உடம்பு இன்னும் தேறவில்லை. வேண்டாம் என்று சொல்லப்போனேன். அவன் அதற்குள் எழுந்து நின்றான். மடக்கி ஓட்ட மூன்று பேர் வேண்டும் என்று நானும் கிளம்பினேன். அழுகிற வீட்டில் உட்கார்ந்திருக்க என்னாலும் முடியவில்லை.

முதலில் ராணிக்கோட்டை மலை. மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. நனைந்த படிகளிலிருந்து ஆவி எழும்பி முகத்தில் மோதியது. அண்ணன் நாலு படி ஏறுவான், நிற்பான். மாமா திரும்பிப் பார்க்காமல் ஏறினார். ஆனால் அண்ணன் நிற்கும்போதெல்லாம் அவரும் நின்றார்.

பாதி மலையில் அவர் கேட்டார். "அந்த ஊரு மலை இதவிடப் பெருசா?"

"பெருசு மாமா. இந்த மாதிரி பத்த ஒண்ணு மேல ஒண்ணு வச்ச மாதிரி."

"பாறையா?"

"மரம். மூங்கிலு. வானமே தெரியாது. அட்டை காலெல்லாம் ஏறும்."

"அவ நடந்தாளா?"

"எனக்கு முன்னால நடந்தா மாமா. 'செஞ்சிக்காரி நானு, எனக்கின்னா மலை'ன்னு சொல்லுவா."

மாமா மேலே ஏறத் தொடங்கினார். உச்சியில் இருந்த பழைய களஞ்சியத்துக்குள் ஒரு கிடாயும் இரண்டு பெட்டையும் நடுங்கிக்கொண்டு நின்றன. அவற்றை ஓட்டிக்கொண்டு இறங்கி, அடிவாரத்தில் காரை முள்ளை வெட்டிப் போட்டு அடைத்துவிட்டு, ராஜகிரிக்குப் போனோம்.

அது உயரமான மலை. பாதி ஏறுவதற்குள் வெயில் எங்கே போனதென்று தெரியவில்லை. மேற்கே இருந்து காற்று கிளம்பி என் சேலையைப் பிய்த்தது. பிறகு மேகம் அப்படியே மலைமேல் இறங்கியது. முன்னால் போன மாமாவின் முதுகு தெரிந்தது, மறைந்தது. உச்சிக்குக் கொஞ்சம் கீழே மலை பிளந்து ஒரு பள்ளம் இருக்கும். அதன்மேல் போட்டிருந்த பலகை வழியாகத்தான் அந்தப் பக்கம் போக வேண்டும். பலகை ஈரத்தில் வழுக்கியது. நான் உட்கார்ந்தபடியே நகர்ந்து கடந்தேன். அண்ணன் நின்றபடி நடந்து வந்தான். கீழே பார்த்தான். பயமே இல்லாத அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

"இன்னா நோவு அவளுக்கு?" என்று மாமா கேட்டார். மேகத்துக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"வாந்திபேதி. வழியெல்லாம் அதான் மாமா. தண்ணி நல்லா இல்ல. ஓடையிலயே பொணம் கெடந்தது."

"எத்தினி நாளு கெடந்தா?"

"சாயங்காலம் ஆரம்பிச்சுது. வெடியறதுக்குள்ள முடிஞ்சிட்டா."

உச்சியில் ஒன்றும் இல்லை. கீழே எங்கோ ஒரு குட்டி கத்தியது. சத்தத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். இரண்டு பாறைகளுக்கு நடுவிலிருந்த இடுக்கில் மந்தையில் பெரும்பகுதி கிடந்தது. மழைக்கு ஒதுங்கி நெருக்கிக்கொண்டு நின்ற இடத்தில் இடி விழுந்திருக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாகச் செத்துக் கிடந்தன. ஒரு பெட்டை ஆட்டின் வயிற்றை முட்டிக்கொண்டு அந்தக் குட்டி பால் தேடிக்கொண்டிருந்தது. மாமா குட்டியைத் தூக்கி என்னிடம் கொடுத்தார். செத்த ஆடுகளின் தலையைத் திருப்பித் திருப்பிக் காதைப் பார்த்தார். எது தம்முடையது, எது ஊரார் ஆடு என்பதற்குக் காதில் வெட்டு இருக்கும். பார்த்து முடித்ததும் கையைப் பாறையில் துடைத்துக்கொண்டார்.

"வாங்க. இன்னும் ஒண்ணு கீது" என்றார்.

"போதும் மாமா. அண்ணனுக்கு ஒடம்பு நடுங்குது" என்றேன். அவன் உதடு நீலமாக இருந்தது.

"நடுங்கட்டும்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

மூன்றாவது மலை சந்திராயன் துர்க்கம். அதற்குப் படியும் கிடையாது, வழியும் கிடையாது. வெறும் உருட்டுப் பாறையும் முள்ளும்தான். நாங்கள் ஏறத் தொடங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. மாமா கொண்டு வந்த கோணியைக் கொங்காணியாக மடித்து என் தலையில் போட்டார். குட்டியை மடியில் கட்டிக்கொண்டு இரண்டு கையும் ஊன்றி ஏறினேன். மேலே ஏற ஏற மழை நேராக விழாமல் பக்கத்திலிருந்து அடித்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. கடைசியில் உச்சிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பாறையின் அடியில் ஒண்டினோம். அங்கே ஆடு எதுவும் இல்லை. மாமாவும் ஆட்டைத் தேடவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அவர் அண்ணனுக்கு எதிரே குந்தி உட்கார்ந்தார்.

"பொதைச்சியா?" என்றார். கல்யாணமான நாளிலிருந்து வாங்க போங்க என்றே பேசிய மனுஷன் அவர்.

அண்ணன் தன் இரண்டு கைகளையும் பார்த்தான். பிறகு, "பாறை மாமா" என்றான். "ஒரு சாண் கூடத் தோண்ட முடியல. கையில ஒண்ணும் இல்ல. தட்டாலயும் குச்சியாலயும் நோண்டிப் பாத்தேன். கூட வந்தவங்க நிக்க மாட்டேன்னுட்டாங்க. நின்னா எல்லாரும் சாவணும்னாங்க."

"அப்படியே வுட்டியா?"

"இல்ல மாமா. கல்லு அடுக்கினேன். முகம் தெரியாத மாதிரி, கால் தெரியாத மாதிரி, நரி இழுக்காத மாதிரி அடுக்கினேன்."

"ஜெபம்?"

"பரலோக மந்திரம் சொன்னேன். பாதியிலயே அவங்க நடந்துட்டாங்க. நானும் ஓடிட்டேன்."

மாமா மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் தண்ணீர் வழிந்தது. மழையா வேறா என்று நான் பார்க்கவில்லை.

"எப்படி அடுக்கின, காட்டு" என்றார்.

அண்ணன் அவரையே பார்த்தான். அவன் எழுந்து மழைக்குள் போனான். ஒரு கல்லைத் தூக்கி வந்து வைத்தான். பிறகு இன்னொன்று. முதலில் பெரிய கற்களை ஓரமாக வரிசையாக வைத்தான். அதற்குள் தட்டைக் கற்களைச் சாய்த்து மூடினான். அவன் கைக்கு அந்த வேலை நன்றாகத் தெரிந்திருந்தது. யாரும் படுத்திராத இடத்தில் ஒரு ஆள் நீளத்துக்குக் கற்கள் எழும்பின. தலைமாட்டில் வந்ததும் அவன் கை நின்றுவிட்டது. கல்லைப் பிடித்தபடி அப்படியே குனிந்து உட்கார்ந்தான். மாமா போய் அவன் கையிலிருந்த கல்லை வாங்கி அந்த இடத்தில் வைத்தார்.

"மீதிய இப்ப சொல்லு" என்றார்.

மூன்று பேரும் முட்டி போட்டோம். அண்ணன் விட்ட இடத்திலிருந்து தொடங்க முயன்றான். முடியாமல் முதலிலிருந்து தொடங்கினான். நாங்களும் சேர்ந்துகொண்டோம். முடித்ததும் மாமா மாதாவுக்குச் சொல்லும் பிரியதத்த மந்திரத்தை எடுத்தார். மழைச் சத்தத்தில் ஒருவர் சொல்வது இன்னொருவருக்குக் கேட்கவில்லை. என் மடியில் குட்டி கத்திக்கொண்டே இருந்தது. எனக்கு என் வீட்டுக்காரர் ஞாபகம் வந்தது. எந்த மலையில், யார் கூட, கூட இருப்பவர்கள் நிற்பார்களா, நடந்துவிடுவார்களா என்று நினைப்பு ஓடியது. அண்ணிக்காகச் சொல்ல வேண்டிய ஜெபத்தில் பாதியை அவருக்காகச் சொன்னேன்.

நாங்கள் எழுந்தபோது மழை நின்றிருந்தது. மேகம் கிழிந்து கீழே வயல்களும் ஏரியும் பளிச்சென்று தெரிந்தன. அந்த வெளிச்சம் எனக்கு எரிச்சலாக இருந்தது. இறங்கும்போது அண்ணனால் நிற்க முடியவில்லை. மாமா தன் தோளைக் கொடுத்தார். வழுக்குப் பாறைகளில் அவனை முதுகில் போட்டுக்கொண்டே இறங்கினார்.

வீட்டுக்கு வந்தபோது அத்தை ஒரு மூலையில் சுருண்டு கிடந்தாள். மாமா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"மாப்ளகிட்ட எல்லாம் கேட்டுட்டேன். ஆஸ்பத்திரியில தான் இருந்திருக்கா. வெள்ளைக்காரச் சாமியார் வந்து அவஸ்தை குடுத்திருக்காரு. மாப்ளதான் பக்கத்துல இருந்து கண்ண மூடி வுட்டிருக்காரு."

அத்தை தலையைத் தூக்கினாள். "கல்லறை?"

"கோயிலுக்குப் பின்னாலயே. குருசு நட்டிருக்காங்களாம்."

"மரம் கிரம் இருக்குதா? வெயிலு படுமே எம் புள்ளைக்கு."

"வேப்பமரம் கீதாம்."

அவள் அண்ணனைப் பார்த்தாள். அவன் தலையாட்டினான். அத்தை எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். முந்தைய நாளிலிருந்து யாரும் சாப்பிடவில்லை. கேப்பைக் களி கிண்டி, நனைந்த எங்களுக்குச் சூடாகப் போட்டாள். மந்தை போனதை மாமா அதற்குப் பிறகுதான் சொன்னார். "போவட்டும்" என்றாள்.

அண்ணனுக்கு மறுபடியும் குளிர்க்காய்ச்சல் கண்டது. அவனை அழைத்துப்போக வந்த அம்மாவிடம், "இங்கயே இருக்கட்டும், நான் பாத்துக்கறேன்" என்றாள் அத்தை. உடம்பு தேறியும் அவன் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அங்கேயே ஊரார் ஆடுகளை வாங்கி மேய்த்துக்கொண்டு இருந்துவிட்டான். வேறு கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லி அத்தையே பெண் பார்த்தாள். அவன் இசையவில்லை. சண்டை ஓய்ந்து கப்பல் ஓட ஆரம்பித்ததும் கூட்டேரிப்பட்டிலிருந்து சிலர் மறுபடி ரங்கூனுக்குக் கிளம்பினார்கள். அவனையும் கூப்பிட்டார்கள். வரவில்லை என்று மட்டும் சொன்னானாம்.

என் வீட்டுக்காரர் திரும்பி வந்தார். ஒரு காது கேட்காது, மற்றபடி முழுசாக வந்தார். நாங்கள் பிள்ளை குட்டியோடு இருந்த காலத்தில் ஒரு மழைக்காலத்தின்போது அண்ணன் போய்விட்டான் என்று ஆள் வந்தது. அதே காய்ச்சல். காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை வாங்கி வர மாமா திண்டிவனம் போயிருந்த அன்று காலையில் முடிந்துவிட்டது. அவனை எங்கள் ஊருக்குக் கொண்டு போகலாமென்று என் வீட்டுக்காரர் வண்டி பேசினார். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை.

"எம் புள்ளைங்க ஒண்ணு கூட என் கண் முன்னால இல்ல. இவனாவது கெடக்கட்டும்" என்றாள்.

செஞ்சிக் கல்லறைத் தோட்டத்தில், ஈர மண்ணில், நல்ல ஆழமாகக் குழி வெட்டியிருந்தார்கள்.