குழலின் மறுமுனை

இது நடந்தது பட்டப்பகலில். நாற்பது பேர் நடமாடிக்கொண்டிருந்த கூடத்தில். பைபிள் மேல் கை வைத்துச் சொல்லச் சொன்னாலும் சொல்வேன். இருபத்தெட்டு வருஷம் தொழிற்சாலையில் இரும்புச் சாமான்களில் பிசகு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதுதான் என் வேலை. என் கண் என்னை ஒரு தடவைகூட ஏமாற்றியதில்லை. அந்தப் பிப்ரவரி வெள்ளிக்கிழமை வரைக்கும்.

என் வீட்டுக்காரர் கேலனுக்குப் பழைய ராணுவத் துப்பாக்கி என்றால் பைத்தியம். வாங்கிச் சுவரில் மாட்டி அழகு பார்க்கிற ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கிளப்புக்கு எடுத்துப் போய்ச் சுட்டே ஆக வேண்டும். ஆனால் அவருக்கு வலது கண்ணில் புரை. அதனால் ஏலத்துக்கு முந்தின நாள் போய்ச் சாமானைப் பார்ப்பது என் பொறுப்பு. நான் சரி என்று சொன்னால், அதில் கன்னத்தை வைத்து விசையை அழுத்துவார். குழலுக்குள் அடைப்பு இருந்து சுட்டால் வெடித்துச் சிதறும். முகம் மிஞ்சாது. எங்கள் பென்சில்வேனியாவில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும்.

பார்வையிடும் நேரம் மூன்றிலிருந்து ஐந்து வரை. தீயணைப்பு நிலையத்து மாடிக் கூடம். ஒரு மூலையில் பெண்கள் சோளம் போட்ட கோழி சூப் விற்றுக்கொண்டிருந்தார்கள். நான் நேராகச் சன்னல் ஓரத்து மேஜைக்குப் போனேன். ஜெர்மன் ராணுவத் துப்பாக்கி. 1941இல் செய்தது.

மேஜையைக் கவனித்துக்கொண்டிருந்தவன் வெர்னன். ஏலக்காரரின் ஆள். என்னை நன்றாகத் தெரியும்.

“வாங்கக்கா. மாமா வரலையா?”

“அவர் வந்தா பார்க்காமலே வாங்கிடுவார்டா. எடுக்கலாமா?”

“தாராளமா. ஆனா குழலுக்குள்ள துடைக்கிற கம்பி மட்டும் விடாதீங்க. கீறல் விழுதுன்னு முதலாளி கத்துறார். கண்ணால பார்த்துக்குங்க.”

இந்த விதி எல்லா ஏலத்திலும் உண்டு. நான் பொருட்படுத்தவில்லை. 3:40க்குத் துப்பாக்கியைக் கையில் எடுத்தேன்.

முன்பக்கம் கனத்தது. இந்த ரகத்தில் எத்தனையோ தூக்கியிருக்கிறேன், இப்படிக் கனத்ததில்லை. மரம் ஈரம் குடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இரும்பில் இருந்த எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். குழலின் பின்வாயை மூடும் போல்ட், விசைத் தகடு, வளையங்கள், எல்லாவற்றிலும் ஒரே எண். சாமான் மாற்றாத அசல் துப்பாக்கி. போர் முடிந்து திரும்பிய எங்கள் ஊர்ப் படைவீரர்கள், இந்த மாதிரித் துப்பாக்கியை மூட்டைக்குள் அடக்க மரத்தை அறுத்து எடுத்து வருவார்கள். இதில் அந்த வெட்டும் இல்லை. கேலன் கேட்டால் குதிப்பார் என்று எனக்கே சந்தோஷம்.

ஒன்று மட்டும் உறுத்தியது. இரும்பு சில்லிட்டிருக்க வேண்டும். சன்னல் ஓரம், வெளியே முழங்கால் அளவு பனி. ஆனால் குழலின் முனை மட்டும் இளஞ்சூடாக இருந்தது. யாரோ இப்போதுதான் கை வைத்திருந்ததைப் போல.

3:52. போல்ட்டை உருவி மேஜையில் வைத்தேன். குழலின் முனையைச் சன்னல் கண்ணாடியை ஒட்டி நீட்டினேன். பின்பக்கத்தில் கண்ணை வைத்தேன்.

பளிச்சென்று வெளிச்சம். உள்ளே திருகு வரிகள் கண்ணாடி மாதிரி மின்னின. அப்பழுக்கில்லை.

அப்போது வெளிச்சம் மறைந்தது.

யாரோ குறுக்கே போகிறார்கள் என்று தலையைத் தூக்கினேன். யாரும் இல்லை. முனைக்கும் கண்ணாடிக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளிதான். கண்ணாடிக்கு அந்தப்பக்கம்... மாடி. நிற்க இடமில்லை.

மறுபடியும் கண்ணை வைத்தேன்.

வெளிச்சம் இருந்தது. பிறகு ஓரத்திலிருந்து மெல்ல... ஏதோ வந்து மூடியது.

ஈரமாக இருந்தது.

இமைத்தது.

என் பார்வையைத் திருப்ப முடியவில்லை. அது என்னைப் பார்த்தது. குழலின் வழியே என் முகத்தில் மூச்சுக் காற்று பட்டது. நனைந்த கம்பளி வாடை. ‘ஹ்ம்ம்...’ என்று ஒரு சத்தம். ரொம்பப் பக்கத்தில்.

துப்பாக்கியை மேஜையில் போட்டுவிட்டேன். கூடமே திரும்பிப் பார்த்தது.

“என்னக்கா ஆச்சு?” என்றான் வெர்னன்.

“கை நழுவிடுச்சு.”

மணி 3:55.

வீட்டுக்கு வந்து கேலனிடம், “அது வேண்டாம்” என்றேன்.

“எண் பொருந்தலையா?”

“பொருந்துது.”

“மரம்?”

“நல்லாத்தான் இருக்கு.”

“குழல் எப்படி?”

பொய் சொல்ல எனக்கு வரவில்லை. இருபத்தெட்டு வருஷப் பழக்கம். “சுத்தமா இருக்கு” என்றேன்.

“அப்புறம் என்னடி உனக்கு?”

நான் என்ன சொல்வது? உள்ளே ஒரு கண் இருந்தது என்றா? வெட்கமாக இருந்தது. அடுப்படிக்குப் போய்விட்டேன். சனிக்கிழமை அவரே போய் ஏலத்தில் எடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை. கிளப் மைதானம். காலை 10:20. கேலன் தோட்டாவைப் போட்டு போல்ட்டை மூடினார். கட்டையில் கன்னத்தை வைத்தார். நான் எழுந்து பக்கத்தில் போனேன்.

“கேலன், ஒரு தடவை கம்பி விட்டுப் பாருங்க.”

“நீதானே சுத்தம்னு சொன்ன?”

“சொன்னேன். இருந்தாலும் விடுங்க.”

“எல்லாரும் காத்துட்டிருக்காங்க. உன்னோட பெரிய ரோதனை.”

“விடுங்கன்னா விடுங்க.”

முணுமுணுத்தார். தோட்டாவை வெளியே எடுத்தார். முனை வழியாகக் கம்பியை விட்டார்.

டக்.

இரண்டு அங்குலத்தில் நின்றது.

அழுத்தினார். டக். திருப்பிப் பின்பக்கத்திலிருந்து விட்டார். தோட்டா இருக்கும் இடத்தைத் தாண்டி... டக்.

பக்கத்தில் இருந்த கிளப்காரர் சின்ன விளக்கை உள்ளே காட்டிப் பார்த்தார். “ஈயம். உருக்கி ஊத்தியிருக்காங்க. முழுக்க.”

கேலன் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். கோபம்கூட இல்லை. நாற்பது வருஷம் என் வார்த்தையை நம்பிய மனுஷன்.

“ஆர்லீன்... நீ பார்த்தியா, பார்க்கலையா?”

“பார்த்தேன்” என்றேன்.

அன்று மாலை 6:15. வெர்னனிடம் எண் வாங்கி, துப்பாக்கியை விற்றவருக்குப் போன் செய்தேன். லொரெய்ன் ஃபெட்டரால்ஃப் என்ற வயதான அம்மா. அவருடைய மாமனார் போரிலிருந்து கொண்டு வந்ததாம்.

“இதை ஏன் ஏலக்காரர்கிட்ட சொல்லலை? என் வீட்டுக்காரர் செத்திருப்பார்.”

“ஐயோ, சுடுவாங்கன்னு நினைக்கலைம்மா. மன்னிச்சுக்குங்க. மாமனாரே ஐம்பத்திரண்டில ஊத்தி அடைச்சார். மீன் தூண்டிலுக்கு உருக்குற ஈயம்தான்.”

“எதுக்கு?”



“துடைக்கறதுக்காக எப்போ எடுத்தாலும், அந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தன் எட்டிப் பார்க்கிறான்னு சொல்வார். குழலை அடைச்சா போயிடுவான்னு நினைச்சார்.”

“வெள்ளிக்கிழமை குழலுக்குள்ள ஒரு கண்ணை நானும் பார்த்தேன்” என்றேன்.

அவர் குரல் தாழ்ந்தது.

“அப்போ... அவன் போகவே இல்லையா?”