வரிக்கு வரி பூஜ்யம்

பெருவிரல் சுண்டுவிரலின் அடிக்கோட்டில் தொடங்கி மேலே ஏறுகிறது. விரலுக்கு மூன்று கோடு, ஒரு நுனி. நான்கு விரலுக்குப் பதினாறு. மதிவதனியின் கணக்கில் இலக்கங்கள் பத்தோடு நிற்பதில்லை. ஒன்பதுக்குப் பிறகு ஏ, பி, சி என்று எஃப் வரை போகும். திரையில் வரிகள் நகர, உதடு முணுமுணுக்க, கை எண்ணிக்கொண்டே இருக்கும். கம்ப்யூட்டர் ஒரு நொடியில் செய்கிற வேலைதான். "அதுவும் பாக்கட்டுமுங்க, நானும் பாக்கறேன்" என்பார்.

சரவணம்பட்டியில் பேக்கரிக்கு மேலே ஓர் அறை. மொத்தம் ஆறு பேர். கோழிப்பண்ணை விசிறிகளைச் சூட்டுக்குத் தகுந்தபடி ஓட்டும் பெட்டிகளைச் செய்கிறார்கள். பெட்டிக்குள் இருக்கும் புரோகிராம் மதிவதனி எழுதியது. கூடப் படித்த என்னையே 'வாங்க, போங்க' என்பார். பழுதாகி வந்த பெட்டிக்கும் அதே மரியாதைதான்: "ஏனுங்க, உங்களுக்கு என்னுங்க ஆச்சு?"

புரோகிராமை அப்படியே வாட்ஸப்பில் மெசேஜாக அனுப்ப முடியாது. எண்ணும் எழுத்துமாக, வரி வரியாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும். வெளிநாட்டிலிருந்து லீவில் வந்து டீ குடிக்கும் எனக்கு அதை இப்படி விளக்கினார்: "பஸ்ல ஏத்தற பார்சலுங்க. மொதல்ல மேலயும் கீழயுமா ரெண்டு புள்ளி. எத்தன உருப்படி, எந்த ஸ்டாப்புல எறக்கோணும், அப்பறம் சரக்கு. கடைசில ஒரு நெம்பரு. எல்லாத்தையும் கூட்டுனா கடைசி ரெண்டு எடம் பூஜ்யமா வரோணும். வரலீன்னா வழியில ஆரோ பிரிச்சிருக்காங்கன்னு அர்த்தம்." எல்லா ஃபைலும் சரக்கே இல்லாத ஒரு வரியோடுதான் முடியும். அதற்கு அவர் வைத்த பெயர், வெறுங்கை மாமா. "மொய் வெக்க மாட்டாருங்க. ஆனா அவரு வந்தாத்தான் விசேசம் முடியும்."

"வழியில ஒரு எழுத்து மாறிட்டா?" என்று கேட்டேன். இரண்டாவது முறையாக.

"ஏனுங்க, கேஸை அணைச்சமா, கதவைப் பூட்டுனமான்னு வெளிநாட்டுலயும் இப்படித்தான் பாத்துட்டே இருப்பீங்களா?"

அப்போதுதான் பல்லடத்திலிருந்து போன் வந்தது.

அப்புசாமி. வெளியூர் போய்ப் பெட்டி மாட்டுபவர். மதிவதனியைவிட இருபது வயது பெரியவர். காளியாத்தாள் என்பவரின் பண்ணையில், மதிவதனி வாட்ஸப்பில் அனுப்பிய புது புரோகிராமை ஏற்றிக்கொண்டிருந்தார். பெட்டி முதலில் பழையதை அழித்துவிட்டுத்தான் புதியதை வாங்கும். அழித்துவிட்டது. வாங்க மாட்டேன் என்கிறது.

"மொத வரிக்கே மொறைக்குதுங் அம்மணி. ஃபேன் நின்னு பத்து நிமிசமாச்சு. பெட்டி இல்லாம ஃபேன நேர்ல போடற சுவிட்சு போன வாரமே எரிஞ்சுபோச்சுங்க. கோழியெல்லாம் வாயப் பொளந்துட்டு நிக்குது."

மூடிய கொட்டகை, சித்திரை வெயில், ஆறாயிரம் கோழி. போனுக்குள் ஒரு பெண்குரல் வெடித்தது: "என்ர கோழிக்கு ஏதாச்சும் ஆகட்டும் அப்பு, உன்னைய இந்தக் கொட்டாய்லயே கட்டிப்போடறேன்!"

"மொத வரியப் படிங்கண்ணா."

அவர் படித்தார். பெருவிரல் ஏறி இறங்கியது. பூஜ்யம். மறுபடி படிக்கச் சொன்னார். மறுபடியும் பூஜ்யம். வரியில் குற்றமில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்தேன்; விசிறி நின்று பதினாலு நிமிடம்.

"ஸ்கிரீன போட்டோ எடுத்து அனுப்புங்கண்ணா."

படம் வந்தது. வரிகளுக்கெல்லாம் மேலே, நடுவில், தனியாக ஓர் 'உ'.

"இதென்னுங்கண்ணா மேல?"

"சுழிங்க. நோட்பேடுல ஒட்டறப்ப போட்டேன். பிள்ளையார் சுழி இல்லாம புதுசா ஒண்ண எப்படிங்க ஆரம்பிக்கறது?"

"படிக்கச் சொன்னப்ப சொல்லலியே?"

"சுழிய ஆருங்க வாய்விட்டுப் படிப்பாங்க?"

இரண்டு புள்ளியில் தொடங்காத எதையும் தள்ளிவிடச் சொல்லி அந்தப் பெட்டிக்கு எழுதி வைத்தவர் மதிவதனிதான். "அதை அழிச்சுப்போட்டு அனுப்புங்க."

அப்புசாமி இழுத்தார். "அழிக்கறதுங்களா..."

"நான் சர்ச்சுக்குப் போறவ. பாவம் என் தலையில வரட்டும். அழிங்கண்ணா!"

பெட்டி வரி வரியாக வாங்கத் தொடங்கியது. கடைசியாக வெறுங்கை மாமாவும் வந்து சேர, போனுக்குள் பெரிய காற்று ஒன்று கிளம்பியது. அப்புசாமி ஏதோ சொன்னார், கேட்கவில்லை. காளியாத்தாள் சொன்னது மட்டும் கேட்டது: "போங்கப்பா, போயி மோரு குடிங்க."

போனை வைத்ததும் மதிவதனி அப்புசாமியை நாலு வார்த்தை திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, பெட்டியின் புரோகிராமைத் திறந்தார். இரண்டு புள்ளி வரும்வரை முன்னால் என்ன இருந்தாலும் ஒதுங்கி வழிவிடு என்று ஓர் உத்தரவு சேர்த்தார். மேஜையில் இருந்த பெட்டியில் ஏற்றினார். சோதித்துப் பார்க்கப் புதிய ஃபைல் ஒன்றைத் திறந்தார். கீபோர்டைத் தமிழுக்கு மாற்றி, முதல் வரியின் நடுவில், தானே ஓர் 'உ' போட்டார்.