குண்டு விழுந்த இடம்

"என் மூஞ்சிய எடுத்தது போதும். குண்டு எங்கங்க?"

ஒவ்வொரு வீடியோவையும் பார்த்துவிட்டு தையல்கடை அக்கா தன் கணவரிடம் கேட்கும் கேள்வி இது. ரொட்டி வண்டி ஓட்டும் அந்த மனிதர் அசடு வழிவார். மனைவி எறியும்போது அவருக்குக் கண் கலங்கிவிடும். கேமரா முகத்தை விட்டு நகராது. இரும்புக்குண்டு அதுபாட்டுக்குப் படத்தைத் தாண்டிப் பறந்துவிடும்.

பேண்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது அக்காவின் தொழில். கால்கள் சிறுவயதிலேயே கைவிட்டதால், தையல் மெஷினின் மோட்டார் பெடலை மேசைமேல் வைத்து முழங்கையால் அழுத்தி ஓட்டுவார். வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டிருந்தாலும் பேச்சு நிற்காது. சாயங்காலமானால் மைதானத்தில் குண்டு எறிதல் பயிற்சி. அங்கே தரையோடு பிணைத்த நாற்காலியில் வார் போட்டுக் கட்டிக்கொண்டு எறிய வேண்டும். இருக்கையை விட்டு எழும்பினால் அந்த எறி செல்லாது. "எழுந்திரிக்க முடியாதவளப் பாத்து எழுந்திரிக்காதேன்னு சிவப்புக் கொடி காட்டுறாங்க" என்று விழுந்து விழுந்து சிரிப்பார்.

ஆனால் ஊருக்கு அவரைத் தெரிந்தது வேறொரு வீடியோவால். வங்கிப் படிகளில் அவர் கை ஊன்றி ஏறுவதை யாரோ எடுத்து, சோக வயலினையும் சேர்த்துப் போட்டுவிட்டார்கள். லட்சக்கணக்கில் லைக். அன்றிலிருந்து கடைக்கு வருகிறவர்கள் "உங்களப் பாத்து அழுதுட்டேன்க்கா" என்று செல்ஃபி கேட்கிறார்கள். அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"படி ஏறினதுக்குக் கை தட்டுறாங்க. சரிவுப்பாதை வைக்காம படியக் கட்டினவன ஒருத்தரும் கேக்கல. நான் எறியறத யாரு பாத்தா?"

அந்த ஆதங்கம் நியாயமானது. சுற்றுவட்டாரத்தில் உட்கார்ந்து எறியும் பெண்களில் அவரை மிஞ்ச ஆளில்லை.

போன வாரப் போட்டியில், கணவரைக் குண்டு விழும் பக்கம் நிறுத்தினார். "என்ன ஆனாலும் என்னப் பாக்கக் கூடாது. புல்லப் பாருங்க." அவரும் சொன்னபடி செய்தார். வீடியோவில் வெறும் புல்தரை, எங்கிருந்தோ அக்காவின் கத்தல், தொப்பென்று குண்டு, கூடவே கணவரின் விசும்பல். அக்காவின் விரல்நுனிகூட இல்லை. அதையே அக்கா பெருமையாக இணையத்தில் போட்டார். சீந்துவாரில்லை.

நேற்று, பேண்ட் மடிக்கக் கொடுத்த ஒருவர் காத்திருந்த நேரத்தில் அதைப் பார்த்தார்.

"எவ்வளவு தூரம்க்கா போச்சு?"

இதுவரை யாரும் கேட்காத கேள்வி. அக்கா மெஷினை நிறுத்திவிட்டார். மீட்டர் கணக்கெல்லாம் சொல்லவில்லை. கணவரைக் கூப்பிட்டு, கடைவாசலிலிருந்து தெருவுக்குள் பின்பக்கமாகவே நடக்கச் சொன்னார். நடுத்தெருவில் அவர் தயங்கி நின்றார். அக்கா புறங்கையால் காற்றைத் தள்ளினார்.

"இன்னும் போங்க… இன்னும்!"