ரம்புட்டானும் அத்தையின் அடியும்

வீட்டுக்கு ஒரு காம்பராவாக வரிசையாய் நீண்ட எங்கள் லயத்தில் யாருக்குப் புரையேறினாலும் உச்சந்தலையில் தட்டுவோம். யாரோ நினைக்கிறார்கள் என்போம். றக்வானைக்கு மேலே அந்தத் தேயிலைத் தோட்டத்தில் எனக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, வாசலில் பாயை விரித்து ரம்புட்டான் உரித்துத் தின்றுகொண்டிருந்தோம். தவழ்கிற வயதிலிருந்த என் தம்பி, உரித்து வைத்ததில் ஒன்றை வாயில் போட்டதை யாரும் பார்க்கவில்லை. திடீரென்று வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. முகம் கறுத்துக்கொண்டே போனது. அம்மா அவன் உச்சியில் தட்டினாள். கொழும்பில் கடையில் நிற்கும் சித்தப்பாதான் நினைக்கிறான் என்று பெரியப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டு, தண்ணீர் எடுக்கப் போனார்.

அடுத்த காம்பராவிலிருந்து அத்தை ஓடிவந்தாள். அப்பாவின் அக்கா. மலைத்தண்ணீர் விழும் பீலியில் குடம் பிடிக்கும்போது வந்த சண்டையில், அவளும் அம்மாவும் பேச்சை நிறுத்தி மாதக்கணக்காகியிருந்தது. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பிள்ளைக்காம்பராவில் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அதற்காக இரத்தினபுரிக்குப் பயிற்சிக்குப் போய்வந்தபோது, பொம்மைக்கு வைத்தியம் பார்த்துவிட்டு வருகிறாள் என்று பெரியப்பா கேலி செய்திருந்தார்.

அத்தை ஒன்றும் கேட்காமல் தம்பியைப் பிடுங்கினாள். படியில் உட்கார்ந்து, தலை தாழ முன்கையில் குப்புறப் போட்டு, முதுகில் பலமாக அடித்தாள். பீலிச் சண்டைக்குப் பழிவாங்குகிறாள் என்றே நான் நினைத்தேன்.

“அம்மா, அத்த தம்பிய அடிக்கிறாங்க.”

அம்மா அசையவில்லை. தன் பிள்ளையை அடிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாளே என்று அவள் மேல்தான் எனக்கு அதிகக் கோபம் வந்தது. பெரியப்பா செம்பை நீட்டினார்.

“ஊத்தாதீங்கண்ணே” என்று அத்தை அவர் கையைத் தள்ளினாள்.

தம்பியை மல்லாக்கத் திருப்பி நெஞ்சின் நடுவே இரண்டு விரலால் அழுத்தினாள். அவன் இன்னும் மூச்சு விடவில்லை. மறுபடி குப்புறப் போட்டு அடித்தாள். ரம்புட்டான் கொட்டையோடு வழுக்கி மண்ணில் விழுந்தது. அடுத்த நொடி தம்பி வீறிட்டான்.

“அழுறான் அண்ணி” என்றாள் அம்மா. மாதக்கணக்கில் அவள் அத்தையிடம் பேசிய முதல் பேச்சு அது.

“அழட்டும். நல்லா அழட்டும்.”

லயமே அதிர அவன் அழுதான். இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தார்கள். பிள்ளை அழும்போது இவர்களுக்கு என்ன சிரிப்பு என்று எனக்கு எரிச்சலாக வந்தது. நான்தான் தம்பியின் முதுகைத் தடவி, அழாதே அழாதே என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன்.