ஜுபைலிலிருந்து ஈசா டவுனுக்கு ஒரு பட்டுக்கூட்டுடன்

பாலம் வழியாகப் பஹ்ரைன் போவது எப்படி என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நான் போனது பாலம் திறந்த மறுவருடம், 1987 பிப்ரவரியில். என் கணக்கெல்லாம் இன்றைக்கு எவ்வளவு உதவும் என்று தெரியாது. ஆனாலும் எழுதுகிறேன். அன்று என்னுடன் ஒரு பட்டுக்கூடும் வந்தது, அதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

சவுதியில், ஜுபைல் சைட்டில் நான் பைப் ஃபிட்டர். பிரேசிலிலிருந்து வந்த வால்வுப் பெட்டியைப் பிரித்தபோது, பலகையின் உட்பக்கம் எலுமிச்சம்பழ அளவில் ஒரு கூடு காம்போடு தொங்கியது. காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே கனமாக அசைந்தது. உயிர் இருக்கிறது! நான் தர்மபுரிக்காரன், வீட்டில் பட்டுப்புழு வளர்த்தோம். எனக்கா தெரியாது?

ரூமில் கூட இருந்த யோகநாதன் யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய அக்கா பஹ்ரைனில், ஈசா டவுன் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியை. போனில் கேட்டதும், "தம்பி, எப்பிடியாவது உயிரோட கொண்டு வாங்கோ. என்ர பிள்ளையள் பூச்சி எண்டு கரப்பானை மட்டும்தான் கண்டிருக்குதுகள்" என்றார். வகுப்பிலும் சொல்லிவிட்டாராம். எனக்கும் உள்ளூர ஒரு ஆசை. எங்கள் வீட்டுக் கூடுகளெல்லாம் கொதிநீருக்குத்தான் போயின. ஒன்றாவது பறக்கட்டுமே!

பஹ்ரைன் விசாவை அக்கா எடுத்து அனுப்பினார். என் ஸ்பான்சரான கஃபீலிடம் கெஞ்சி மூன்று நாள் லீவும், பாஸ்போர்ட்டில் திரும்பி வருவதற்கான முத்திரையும் வாங்கினேன். பிறகு கூட்டின் காம்பைக் கத்தரித்து, மேல்பஞ்சைப் பிய்த்து, சந்தைக்குக் கொண்டுபோவது போல் சுத்தம் செய்து, மூடியில் ஓட்டை போட்ட தட்டை டிபன் டப்பாவில் படுக்க வைத்தேன்.

புதன்கிழமை காலை 6.10-க்குப் புறப்பட்டோம். டிரைவர் செல்லையா அண்ணன், இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்காரர். வாடகை எண்பது ரியால், பாலத்துக்குத் தனியாக இருபது. பாலம் வரைக்கும் ஏறக்குறைய நூற்றுப்பத்து கிலோமீட்டர். பாதி வழி தாண்டியதும் மடியிலிருந்த டப்பாவில் கரகரவென்று சத்தம். திறந்தேன். ஈரத்தோடு, கொழுகொழுவென்று ஒரு பூச்சி! சிறகுகள் மட்டும் கட்டைவிரல் நகமளவு, கசங்கிக் கிடந்தன.

"வந்துடுச்சிண்ணா!" என்று கத்தினேன்.

செல்லையா அண்ணன் எட்டிப் பார்த்தார். "ரெக்க விரியலியே தம்பி?"

"இது அவ்ளோதாண்ணா. எங்க ஊர்ல முட்டைக்காகப் பூச்சி வளர்க்குற விதைப்பண்ணையில நான் பார்த்திருக்கேன். பட்டுப்பூச்சி பறக்காது, குட்டை ரெக்கைதான்."

"யாரு சொன்னா? எங்க தோட்டத்து பேக்டரி லைட்டுக்குக் காட்டுப் பட்டுப்பூச்சி மொறம் மாதிரி ரெக்கையோட பறந்து வரும். கூட்ட விட்டு வந்ததும் அது எதையாச்சும் புடிச்சுத் தொங்கணும். தொங்கினாத்தான் ரெக்க எறங்கும். இப்படியே காஞ்சிருச்சுன்னா கலாஸ், முடிஞ்சுது!"

காம்பைக் கத்தரித்தவன் நான், தட்டை டப்பாவில் அடைத்தவனும் நான். அண்ணன் அதற்குள் வண்டியை ஓரங்கட்டி, தன் தோள் துண்டைப் பின் ஜன்னல் கொக்கியில் மாட்டிவிட்டார். முதல் தடவை பூச்சி வழுக்கி விழுந்தது. இரண்டாம் தடவை பிடித்துக்கொண்டது. அங்கிருந்து அவர் அறுபதைத் தாண்டவில்லை.

பாலத்தின் சுங்கச் சோதனையில் அதிகாரி சந்தேகத்தோடு துண்டை உதறக் கை நீட்டினார். "லா, லா!", வேண்டாம் என்று இரண்டு பேரும் அலறினோம். அவர் குனிந்து பார்த்தார். சிறகு கண்ணுக்கே தெரியாத அளவு மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள், அவர் நகரவில்லை. கடைசியில் "மாஷா அல்லாஹ்" என்றார், பிறகு "யல்லா" என்று கையசைத்தார்.

ஈசா டவுன் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி 10.15. பூச்சியின் சிறகுகள் விரிந்துவிட்டிருந்தன. செங்கல் நிறம், ஒவ்வொரு சிறகிலும் கண்ணாடித் தாள் ஒட்டினாற்போல் ஒரு ஜன்னல். அக்கா புத்தகத்தைப் புரட்டி, தென் அமெரிக்கக் காட்டின் ராட்சதப் பட்டுப்பூச்சி இனம் என்றார். பிறகு உற்றுப் பார்த்து, "ஒரு செட்டை நுனி சுருண்டு போச்சே. என்ன செய்தனீங்கள்?" என்றார். ஒப்புக்கொண்டேன். வெட்கமாக இருந்தது. பறக்குமா என்று பிள்ளைகள் ஆங்கிலத்தில் கேட்டார்கள்.

மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பன்னிரண்டு வரை காத்திருந்தோம். திடீரென்று குளிரில் நடுங்குவது போல் சிறகு நடுங்கியது. அப்புறம் எழும்பிவிட்டது! கொஞ்சம் சாய்ந்து சாய்ந்துதான், ஆனாலும் வகுப்பை இரண்டு சுற்று சுற்றி, வாசலில் நின்ற செல்லையா அண்ணனின் தோளில் உட்கார்ந்தது. அவர் மூச்சுக்கூட விடவில்லை. நான் அழுதேவிட்டேன், பிள்ளைகள் முன்னால்.

இந்த இனத்துக்குச் சாப்பிட வாய் கிடையாதாம். ஆறு நாள் இருந்ததாக அக்கா பிறகு எழுதினார். அதற்குள் வகுப்பு முழுக்க அதை வரைந்து முடித்துவிட்டதாம்.

போகிறவர்களுக்கு: திரும்பும் முத்திரையைப் புறப்படும் முன் சரிபாருங்கள். சில்லறை ரியால் வைத்துக்கொள்ளுங்கள். சுங்கத்தில் அவசரப்படாதீர்கள். டிரைவர் ஏதாவது சொன்னால், எல்லாம் தெரிந்தவன் மாதிரி பேசாமல் காது கொடுங்கள். அந்தச் சுருண்ட நுனி என் கைவேலை. பறந்ததெல்லாம் செல்லையா அண்ணன் கொடுத்தது.