என் பெயர்மேல் ஓடும் சக்கரம்

சென்ற ஆண்டு பங்குனித் திருவிழா நேரத்தில், பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெரு அரசுப் பள்ளியில் நடந்தது இது.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். டீக்கடையில் டம்ளர் கழுவிய கைதான் இது. இன்று பட்டுச்சேலைக்கு அட்டைப்பெட்டி செய்வதில் என்னை மிஞ்ச இந்த ஊரில் ஆள் கிடையாது. மந்திரி வீட்டுக் கல்யாணச் சேலையும் என் பெட்டியில்தான் போகும். அந்தப் பள்ளி முன்வாசலின் கருங்கல் படிகள்கூட நான் போட்டுக் கொடுத்தவை. பக்கத்திலேயே என் பெயர் செதுக்கிய கல் பளபளவென்று நிற்கும்.

அங்கே ஆறாம் வகுப்பில் ஒரு பெண், சக்கர நாற்காலியில் வருபவள். தினமும் அவள் அம்மா அந்தப் படிகளில் அவளைத் தூக்கிச் சுமப்பார். பெண் வளர்ந்துவிட்டாள், அம்மாவுக்கு இடுப்பு போய்விட்டது. இனி படிப்பை நிறுத்துவதுதான் வழி என்றிருந்தபோது, மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் படிப்புக்கு அரசாங்கம் ஒதுக்கிய பணத்தில் பள்ளிக்குச் சாய்தளம் கட்ட உத்தரவு வந்தது.

இன்ஜினியர் என் படிகளுக்கு மரியாதை கொடுத்து, பின்பக்கம் சத்துணவுக்கூடத்தை ஒட்டி வரைபடம் போட்டிருந்தார். மார்ச் முடிவதற்குள் வேலை தொடங்காவிட்டால் பணம் திரும்பிவிடும் என்றார். பெற்றோர் கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். படி போட்டுக் கொடுத்தவன் என்று அழைத்திருந்ததால் போயிருந்த நானும்தான்.

"பின்னால போட்டா நான் வரமாட்டேன்" என்றாள் அந்தப் பெண்.

"வாய மூடுடி, குடுக்கறதே பெரிசு" என்று அதட்டினார் அம்மா.

அப்போது தூரத்தில் மேளச்சத்தம் கேட்டது. சாமி புறப்பாடு. பெண் என் பக்கம் திரும்பினாள்.

"தாத்தா, சாமிய மடப்பள்ளி வழியாவா தூக்கினு வருவாங்க?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேளம் நெருங்க நெருங்க, அந்த அறையே கரைந்துபோவது போலிருந்தது. சாம்பிராணிப் புகை. அதற்குள் கோபுர வாசல். குடை அசைய, வாகனம் மெல்ல மெல்ல மிதந்து வந்தது. உற்றுப் பார்க்கிறேன், அதன்மேல் இரட்டைச் சடையோடு அவள் உட்கார்ந்திருந்தாள்.

தூக்கத்திலிருந்து விழித்தவன்போல எழுந்தேன். "சார், முன்னாலயே போடுங்க."

"ஐயா, சரிவு வரணும்னா வளைச்சித்தான் கட்டணும். பாதிப் படியும் உங்க பேரு இருக்கற கல்லும் போயிடுமே?"

"என்னுதுதானே? எடுங்க."

"பேர எடுத்துட்டா தூக்கம் வருமா தாத்தா?" என்றாள் அந்த வாயாடி.

புது வரைபடத்தோடு அலுவலகத்துக்கு நானும் போய் உட்கார்ந்தேன். நான் போய் உட்கார்ந்து நடக்காத வேலை உண்டா? கெடுவுக்குள் அனுமதி வந்தது. கோயில் தரையில், அடியார் பாதம் படட்டும் என்று சிலர் தங்கள் பெயரைச் செதுக்கிப் பதித்திருப்பார்களே, அதுபோல என் கல்லைச் சாய்தளம் தொடங்கும் இடத்தில் படுக்கவைத்தேன்.

சாய்தளம் கட்டி முடித்துத் திறந்த முதல் நாள் காலை, வெயில் இன்னும் மஞ்சளாக இருந்தது. அவள் தானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பின்னால் அம்மா, வெறுங்கையை எங்கே வைப்பதென்று தெரியாதவர்போல நின்றிருந்தார். என் பெயர்மேல் சக்கரம் நின்றது.

"சாமி கெளம்பிடுச்சி தாத்தா, வழி வுடுங்க."

விட்டேன். மிதப்பதுபோல மேலே போனாள்.

அழியவே அழியாது என்று கல் செதுக்கியவர் சொன்ன எழுத்து இப்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. என் பெட்டிகள் போகாத ஊரில்லை, ஆனாலும் காலையில் அந்தச் சக்கரம் என் பெயர்மேல் ஏறிப் போவதைப் பார்க்கும்போதுதான் நானும் எங்கேயோ போய்ச் சேருவதுபோல இருக்கிறது.